கடற்காற்று வீசும் வீட்டில் பந்தய சிமுலேட்டர் ரிக்: எந்தப் பொருளில், எந்த அளவில் கட்டுவது?

கேள்வி: குளச்சல்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வசிக்கிறேன். மோட்டார் பந்தயத்தின்மீது சிறு வயது முதலே எனக்கு ஈடுபாடு உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடமும் கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் நம் மாவட்டத்திலிருந்து நினைத்தவுடன் போய் ஓட்டிவிட்டு வரக்கூடிய தூரத்தில் இல்லை. ஆகவே, வீட்டிலேயே கணினியில் முறையாக ஓட்டிப் பழகுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கும் அதனுடன் வந்த பெடல்களும் இருக்கின்றன. ஸ்டீயரிங்கை மேசை விளிம்பில் கவ்வி மாட்டியிருக்கிறேன். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் தொகுதி முன்னால் வழுக்கிப் போகிறது, உருளைக் கால் நாற்காலி பின்னால் ஓடுகிறது. ஒரே வளைவில் இரண்டு முறை ஒரே மாதிரி பிரேக் பிடிக்க முடிவதில்லை. எனவே இருக்கை, பெடல், ஸ்டீயரிங் மூன்றையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரு சட்டகத்தை, அதாவது ரிக்கை, நானே வடிவமைத்து, தெரிந்த வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ள விரும்புகிறேன். பின்னாளில் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை தரும் டைரக்ட் டிரைவ் மோட்டாரும் (ஸ்டீயரிங்கை நேரடியாகத் திருப்பும் மோட்டார்) லோட் செல் பிரேக்கும் (மிதிக்கும் விசையை அளக்கும் பிரேக்) வாங்கினால், அவற்றையும் இதே சட்டகம் தாங்க வேண்டும்.

பிளைவுட், இரும்புச் சதுரக் குழாய், அலுமினியம் புரொஃபைல் (போல்ட் போட்டு இணைக்கும், பள்ளங்கள் கொண்ட சட்டம்) ஆகிய மூன்றில் எது ஏற்றது? எங்கள் பகுதியில் ஜன்னல் கிரில்கள்கூட விரைவில் துருப்பிடித்துவிடுவதால் இரும்பைத் தேர்ந்தெடுக்கத் தயக்கமாக இருக்கிறது. இருக்கை உயரம், பெடல் தூரம் போன்ற அளவுகளை எப்படி முடிவு செய்வது? ஸ்டீயரிங் நீங்கலாக, கையில் ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மார்த்தாண்டம் பட்டறை

தம்பி, எந்தப் பொருள் என்ற கேள்விக்கு முன்பாக, எந்த விசையைத் தாங்கப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். இந்த வேலைக்காக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஸ்டீயரிங் மோட்டாரைத்தான் முதலில் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 நியூட்டன் மீட்டர் மோட்டார், 30 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் தரும் விசை ஏறத்தாழ ஐந்தரை கிலோதான். லோட் செல் பிரேக்கில் நீங்கள் மிதிக்கப் போவதோ 40 முதல் 60 கிலோ வரை இருக்கும். அந்த விசை பெடலை முன்னோக்கித் தள்ளும்போது, அதே அளவு விசை உங்கள் இடுப்பின் வழியாக இருக்கையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே ரிக் என்பது முதன்மையாக இருக்கையையும் பிரேக் பெடலையும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பிடித்துவைக்கும் சட்டகம் என்று கொள்ளுங்கள். பணம், எடை, கவனம் எல்லாம் முதலில் அந்தப் பாதைக்கே போக வேண்டும். ஸ்டீயரிங் தூண்கள் அதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் வரவுசெலவுக்கு இரும்புச் சதுரக் குழாயே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் கிரில் வேலைக்குப் பயன்படும் 18 கேஜ் குழாயை, அதாவது சுமார் 1.2 மி.மீ. தடிமன் கொண்டதை, இதற்கு வாங்காதீர்கள். 14 கேஜ், அதாவது சுமார் 2 மி.மீ. தடிமன் என்று கேட்டு, அளந்து பார்த்து வாங்குங்கள். கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு தண்டுகளுக்கு 80க்கு 40 செவ்வகக் குழாயை, 80 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள 40க்கு 40 குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ எடையுள்ளது. அதே தடிமனில் 80க்கு 40 குழாய் ஏறத்தாழ 3.6 கிலோ வரும். எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தடிமனைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே எப்போதும் அதிகப் பலன் தரும். ஸ்டீயரிங் தூண்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் 40க்கு 40 போதும்.

உண்மையில் பெரும்பாலான ரிக்குகளில் நெகிழ்ந்து கொடுப்பது கீழ்த்தண்டு அல்ல, பெடல் பொருத்தியிருக்கும் தகடுதான். 3 மி.மீ. தகட்டை நான்கு மூலையில் மட்டும் வெல்டு செய்து அதன் நடுவில் பிரேக்கைப் பொருத்தினால், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தகடு புடைத்து எழும். 6 மி.மீ. தகடு போடுங்கள், அல்லது 4 மி.மீ. தகட்டின் அடியில், பிரேக் பெடலுக்கு நேர் கீழே, 40 மி.மீ. ஆங்கிள் இரண்டை முன்பின்னாக ஓட்டி வெல்டு செய்யுங்கள். தகட்டுக்குப் பின்னால் கீழ்த்தண்டிலிருந்து சாய்வாக ஒரு முட்டு வர வேண்டும். முக்கோணமாக முட்டுக் கொடுக்காத எந்தச் செங்குத்துச் சட்டமும் காலப்போக்கில் அசையத் தொடங்கும்.

வெல்டு செய்யும்போது ஒரு பக்கத்தை முழுமையாக முடித்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. சூடேறிய பக்கம் ஆறும்போது சுருங்கிச் சட்டத்தை இழுத்துக் கோணலாக்கிவிடும். எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளிப் பற்றாகப் பிடித்து, இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருக்கின்றனவா என்று டேப் வைத்துப் பார்த்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிச் சிறு நீளங்களில் வெல்டு செய்யச் சொல்லுங்கள். நல்ல பட்டறையில் இதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் இது ஜன்னல் அல்ல, கோணல் இருந்தால் பெடல் உங்கள் காலுக்கு நேராக நிற்காது என்பதை எடுத்துச் சொல்வது நல்லது.

இருக்கைக்குப் பழைய கார் உதிரிகள் விற்கும் இடத்தில் ஓட்டுநர் இருக்கையை, அடியிலுள்ள நகரும் தண்டவாளத்தோடு வாங்கிவிடுங்கள். பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள புதிய வகை இருக்கைகளைத் தொடாதீர்கள்; வெடிக்காத காற்றுப்பையை வீட்டில் வைத்துக் கழற்றுவது ஆபத்து. முதுகுப் பகுதியைச் சாய்க்கும் கீல் தேய்ந்திருந்தால் பிரேக் அழுத்தத்தில் முதுகு பின்னால் நெகிழும். வாங்குமுன் அதை ஆட்டிப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல அச்சு ஒன்று கிடைத்தால், அவர்கள் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் கொண்டு பந்தயக் கார் வகை ஒற்றைக் கூட்டு இருக்கையைச் செய்து தரக்கூடிய கைத்திறன் உள்ளவர்கள். கீல் இல்லாத அந்த இருக்கைதான் லோட் செல் பிரேக்குக்கு மிகச் சிறந்தது.

பதில்: தக்கலை வாசகி

மேலே எழுதிய அண்ணனின் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வரிசையில் ஒரு மாற்றம் வேண்டும் என்று கருதுகிறேன். அளவுகள் உடம்பில் சரிபார்க்கப்படுவதற்கு முன் இரும்பை வெட்டக் கூடாது. வெல்டு செய்த சட்டத்தில் ஐந்து செ.மீ. தவறினால் கிரைண்டரை எடுக்க வேண்டும். பலகையில் தவறினால் ஒரு திருகைக் கழற்றினால் போதும்.

முதலில், வாங்கப் போகும் இருக்கையைத் தரையில் வைத்து, சுவருக்கு எதிராகப் பெடல் தொகுதியை நிறுத்தி, பழைய பலகைத் துண்டுகளைக் கீழே அடுக்கி அடுக்கி உயரத்தை மாற்றிப் பாருங்கள். பிரேக்கை முழுவதுமாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் விசையைக் கட்டுப்படுத்த முடியாது, முழங்காலுக்கும் கேடு. தோள்பட்டை இருக்கையின் முதுகில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் அமர வேண்டும். அப்படியானால், ஓட்டும்போது முழங்கை இயல்பாக மடங்கியிருக்கும். குதிகால் எங்கே ஊன்றுகிறது என்பதைச் சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் தகட்டோடு குதிகால் ஊன்றும் ஒரு விளிம்பும் சேர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்படி உட்கார்ந்து சில நாள்கள் முழுப் பந்தயங்களை ஓட்டுங்கள். இடுப்பு வலி அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தன்னைக் காட்டும், ஐந்து நிமிடச் சோதனையில் தெரியாது.

சாதாரண சாலைக் கார் போன்ற அமர்வா, ஃபார்முலா கார் போல இடுப்பு தாழ்ந்து கால்கள் உயர்ந்த அமர்வா என்ற கேள்விக்கும் அப்போதே விடை கிடைத்துவிடும். பிந்தையது பிரேக் விசையைக் கிட்டத்தட்ட நேராக முதுகுக்குக் கொண்டு செல்வதால் வலுவானது. ஆனால் ஏறி இறங்குவதற்குச் சிரமம், நீளமும் அதிகம். வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவார்கள் என்றால் முந்தையதே மேல்.

திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சட்டகத்தின் அளவு அதையும் சார்ந்தது. திரை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதற்குப் பொருந்தும் பார்வைக்கோணத்தை விளையாட்டில் அமைத்தால்தான் வளைவின் தூரம் உண்மையான அளவில் தெரியும். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. அதை 70 செ.மீ. தொலைவில் வைத்தால் கிடைமட்டப் பார்வைக்கோணம் சுமார் 46 பாகை, 60 செ.மீ.க்கு நெருக்கினால் சுமார் 53 பாகை. 32 அங்குலத் திரையை 70 செ.மீ.யில் வைத்தாலும் ஏறத்தாழ அதே 53 பாகைதான் வருகிறது. ஆகவே பெரிய திரை வாங்குவதற்கு முன், இருக்கும் திரையை மோட்டாருக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியும் என்று பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. பந்தய விளையாட்டுகளில் ஐரேசிங் கிடைமட்டக் கோணத்தைக் கேட்கும், அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தைக் கேட்கும் என்பதை மனத்தில் வையுங்கள். ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் காட்சி முற்றிலும் சிதைந்துவிடும். திரையைத் தாங்கும் கால் ரிக்கோடு ஒட்டாமல் தனியாக நிற்பது நல்லது. மோட்டாரின் அதிர்வு திரைக்கு ஏறினால் கண் களைத்துப்போகும்.

பிளைவுட்டை நான் மாதிரிக்கு மட்டும் சொல்லவில்லை. 18 மி.மீ. பிளைவுட்டில், பெட்டியைப் போல நான்கு பக்கமும் மூடிய அமைப்பாகக் கட்டினால் ஜி29 தாராளமாக நிற்கும். வாங்குவதானால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே வாங்குங்கள். நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பதப்படுத்தாத ரப்பர் மரச் சட்டங்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வண்டும் பூஞ்சையும் அதை விரைவில் தின்றுவிடும். போரான் உப்பில் பதப்படுத்தி உலர்த்தியதாக இருந்தால் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். மரத்தில் திருகுகளை நம்பாமல், அகன்ற வாஷருடன் ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளைப் போடுங்கள்.

பதில்: கோட்டாறு மின்னணு

பெடலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் முப்பதாயிரத்தில் சட்டகம் போக மீதமாகும் பணம் அங்கேதான் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜி29 பெடல்களில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். அது பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கிறது. லோட் செல், நீங்கள் எவ்வளவு விசை கொடுத்தீர்கள் என்பதை அளக்கிறது. காலின் தசை தூரத்தைவிட விசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே வளைவில் ஒரே மாதிரி பிரேக் பிடிக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு, வழுக்கும் நாற்காலியோடு இதுவும் ஒரு காரணம். மேலும், பொட்டென்ஷியோமீட்டரின் உள்தடம் தேய்ந்தும் தூசி படிந்தும் கெடக்கூடியது. கடலோரத்தில் அது இன்னும் விரைவாக நிகழலாம். ஆக்சிலரேட்டருக்கும் கிளட்சுக்கும் காந்தப்புலத்தை உணரும் 49இ போன்ற ஹால் சென்சாரையும் சிறு காந்தத்தையும் பொருத்தினால், உரசும் பாகமே இல்லாமல் போய்விடும்.

பிரேக்கைச் செய்யும்போது நெம்புகோல் விகிதத்தை முதலில் கணக்கிடுங்கள். பெடலின் சுழல் அச்சிலிருந்து கால் படும் இடம் 21 செ.மீ., லோட் செல்லைத் தள்ளும் தண்டு 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், காலில் 50 கிலோ கொடுக்கும்போது லோட் செல்லில் 150 கிலோ விழும். 50 கிலோ மிதிக்கப் போகிறோம் என்று 50 கிலோ லோட் செல்லை வாங்கினால் அது முதல் நாளிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். இந்த அமைப்புக்கு 200 கிலோ அளவுள்ள, நான்கு கம்பிகள் கொண்ட முழுப் பாலச் செல் வேண்டும். குளியலறை எடைமானிகளில் வரும் மூன்று கம்பிச் செல்கள் அரைப் பாலம் மட்டுமே. அவற்றை இதற்கு வாங்காதீர்கள்.

செல்லிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்டுகள்தான். அதைப் பெருக்கி எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 என்ற சிப் உள்ள சிறிய அட்டை மலிவாகக் கிடைக்கிறது. இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அந்தச் சிப் வினாடிக்கு 10 அளவீடுகளோ 80 அளவீடுகளோ தரும், ஆனால் விற்பனையாகும் அட்டைகளில் பல 10க்கே அமைக்கப்பட்டு வருகின்றன, ஏனெனில் அவை எடைபோடுவதற்காகச் செய்யப்பட்டவை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். உங்கள் கால் சொன்னதைக் கணினி அவ்வளவு தாமதித்துக் கேட்கும். 80 அளவீடுகளில் அந்த இடைவெளி முக்கால் மீட்டருக்கும் குறைவு. சிப்பின் 15ஆம் காலை அட்டையிலிருந்து மெதுவாகத் தூக்கி, பக்கத்திலுள்ள 16ஆம் காலோடு பற்றவைத்தால் 80க்கு மாறிவிடும். கை நடுங்காதவர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். அதன்பின் மென்பொருளில் கனமான சராசரி வடிகட்டியைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் பெற்ற வேகம் முழுவதும் திரும்பப் போய்விடும்.

கணினியோடு இணைக்க ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்ற சிறு நிரல் அட்டையை வாங்குங்கள். அவற்றிலுள்ள ஏடிமெகா 32யு4 சிப், தன்னை நேரடியாக ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூடியது. ஊனோ ஆர் 3 அட்டையில் இந்த வசதி நேரடியாக இல்லை. கணினியில் ஸ்டீயரிங் ஒரு யுஎஸ்பியிலும் பெடல் இன்னொரு யுஎஸ்பியிலும் இருப்பதைப் பெரும்பாலான விளையாட்டுகள் ஏற்றுக்கொள்ளும். கேமிங் கன்சோலில் இந்தப் பெடல் இயங்காது.

லோட் செல்லுக்கு முன்னால் அடுக்கடுக்காக ரப்பர் புஷ்களைப் போட்டால்தான் காலுக்கு உண்மையான பிரேக்கின் உணர்வு கிடைக்கும். வாகன உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும் சஸ்பென்ஷன் புஷ்களே போதும். மென்மையான ஒன்று, கடினமான இரண்டு என்று மாற்றி மாற்றி அடுக்கி உங்கள் காலுக்கு ஏற்றதைக் கண்டுபிடிக்க வேண்டும். இயற்கை ரப்பர் புஷ்களுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள். பெட்ரோலிய எண்ணெயில் அது உப்பி மென்மையாகிவிடும். சிலிக்கான் கிரீஸ் பாதுகாப்பானது.

இவற்றையெல்லாம் சட்டகம் முடிந்த பிறகே பொருத்துங்கள். அசையும் தகட்டின்மேல் லோட் செல்லை வைத்தால், நீங்கள் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி தகட்டை வளைப்பதிலேயே போய், பிரேக் தொளதொளவென்று இருக்கும்.

பதில்: வளைகுடாவிலிருந்து

நான் இரணியலைச் சேர்ந்தவன், இப்போது குவைத்தில் பணிபுரிகிறேன். இங்கே என் ரிக் முழுவதும் அலுமினியம் புரொஃபைல். அதன் உண்மையான பலன் எடைக் குறைவு அல்ல. எந்த இடத்திலும் போல்ட்டைத் தளர்த்தி ஒரு செ.மீ. நகர்த்திக்கொள்ளலாம் என்பதுதான். பெடல் அடித்தளத்துக்கு 40க்கு 40 போதாது, 40க்கு 80 வேண்டும். எல்லாம் சேர்ந்தால் உங்கள் முப்பதாயிரத்தில் அடங்குவது கடினம். பெடல்களுக்குப் பணம் மிச்சமிருக்காது என்பதால், உங்கள் நிலையில் நானும் இரும்பையே தேர்ந்தெடுப்பேன். அலுமினியத்துக்குத் துரு வராது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் அரித்து வெண்பொடியாகும். நைலான் வாஷர் இடையில் வர வேண்டும்.

குளச்சல்வாசி

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பெடலுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள விசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்கு முற்றிலும் புதிய பார்வை. நான் வரைந்த படத்தில் ஸ்டீயரிங் தூண்கள்தான் மிகப் பருமனாக இருந்தன. அக்கா சொன்னபடி பலகைகளை அடுக்கி அளவுகளை முடிவு செய்த பிறகு, 80க்கு 40 கீழ்த்தண்டுகளும் 6 மி.மீ. தகடுமாக இரும்பில் செய்கிறேன். திரைக்குத் தனிக்கால். டைரக்ட் டிரைவ் மோட்டார் இரண்டாம் கட்டம்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. துரு வராமலிருக்க, துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயையே வாங்கிவிடலாமா? மேலும், சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் பிற்பகல்களில் இடி பலமாக இருக்கும். இரும்புச் சட்டத்தில் அமர்ந்து மின்கருவிகளை இயக்குவது பாதுகாப்பானதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: மார்த்தாண்டம் பட்டறை

ஜிஐ குழாயை வெல்டு செய்தால் துத்தநாகப் புகை எழும். அதை மூச்சில் இழுப்பவருக்குக் காய்ச்சல் வரும். பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டுத்தான் வெல்டு செய்ய வேண்டும். அப்படி நீக்கிய மூட்டுகளில், துரு பிடிக்கும் முதல் இடமான அங்கேயே, பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவே சாதாரணக் குழாயை வாங்கி, நன்றாகப் பூச்சுப் பூசுவதே மேல். குழாயின் திறந்த முனைகள் எல்லாவற்றையும் சிறு தகடு வைத்து முழுமையாக வெல்டு செய்து மூடச் சொல்லுங்கள். கடலோரத்தில் சட்டங்கள் உள்ளிருந்துதான் அழிகின்றன, வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். போல்ட் துளைகளை எல்லாம் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெல்டின் கசடைத் தட்டி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தின்னரால் துடைத்த அன்றே முதல் பூச்சு விழ வேண்டும். இரவு முழுவதும் வெறும் இரும்பாகக் குளச்சல் காற்றில் விட்டால், காலையில் பழுப்பு ஏறியிருக்கும். துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் ஒரு கை, அதன்மேல் எபாக்ஸி அல்லது பாலியூரித்தேன் வண்ணம் இரண்டு கை. சாதாரண ரெட் ஆக்சைடும் எனாமலும் உள்நாட்டு வீட்டுக்குப் போதும், உங்கள் வீட்டுக்குப் போதாது. அடியில் ரப்பர் கால்கள் வைத்துத் தரையிலிருந்து சற்று உயர்த்திவிடுங்கள். தரையைத் துடைக்கும் ஈரம் தண்டின் அடியில் தேங்கக் கூடாது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். கீழ்த்தண்டு இரண்டும் 1.4 மீட்டர், 40க்கு 40 குழாய் ஏழு மீட்டர், பெடல் தகடு எல்லாம் சேர்த்தால் இருக்கை இல்லாமலேயே ஏறத்தாழ 35 கிலோ வரும். பின்முனையில் இரண்டு உருளைகளைத் தரையைத் தொடாத உயரத்தில் பொருத்தினால், முன்பக்கத்தைத் தூக்கும்போது மட்டும் அவை ஊன்றும். ஒருவரே தள்ளிச் சென்று ஒதுக்கி வைக்கலாம்.

பதில்: கோட்டாறு மின்னணு

இடியைப் பற்றி வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டின் எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரிக்கின் சட்டத்தில் ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, போல்ட் போட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் அதே பிளக் பலகையின் எர்த்தோடு தடித்த கம்பியால் இணையுங்கள். மோட்டாரின் மின்வழங்கியில் கசிவு ஏற்பட்டால் அது உங்கள் உடம்பின் வழியாகப் போகாது, லோட் செல்லின் அளவீட்டில் வரும் நடுக்கமும் பெரும்பாலும் குறைந்துவிடும். முதன்மைப் பலகையில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், பெடலுக்கு முன்பாக அதை வாங்குங்கள். இடி நெருங்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், இணைய இணைப்பின் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் பெரும்பாலும் அந்த வழியாகவும் வரும்.

எச்எக்ஸ்711 அட்டையை உப்புக் காற்றிலிருந்து காக்கச் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வையுங்கள். கடையில் கிடைக்கும், காடி வாசனை வீசும் சிலிக்கான் பசையை அதன்மேல் தடவிவிடாதீர்கள். அந்தப் பசை உலரும்போது வெளிவரும் அமிலம் செம்புத் தடங்களை அரிக்கும். வாசனையற்ற நடுநிலைச் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

டைரக்ட் டிரைவ் மோட்டார் வரும் நாளில் அவசர நிறுத்தப் பொத்தானையும் சேர்த்து வாங்கி, இடது கையோ வலது கையோ பார்க்காமலே எட்டும் இடத்தில் பொருத்துங்கள். அந்த இடத்தை இப்போதே அக்கா சொன்ன பலகை மாதிரியில் குறித்து, அதற்குரிய சிறு தகட்டையும் பட்டறைக்குக் கொடுக்கும் படத்தில் சேர்த்துவிட்டால், வண்ணம் பூசிய பிறகு மீண்டும் வெல்டு வைக்க வேண்டியிருக்காது.